எரிகோவைப் பாடமாக எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதன்முதலாகப் பாடம் எடுக்க வருகிறவர்கள் பலர், யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானான் தேசத்து எரிகோ பட்டணத்தைப் பிடித்ததைச் சொல்லும் யோசுவா புத்தகம் 6-ம் அதிகாரத்தைத்தான் எடுக்கிறார்கள். ஏழு ஆசாரியர்கள், ஏழு எக்காளம், ஏழாம் நாள் ஏழு சுற்று, மதில் விழுந்தது, ஆமென். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் முடிப்பேன். பெயரைத் தப்பாக உச்சரிப்பது, சுற்றைத் தப்பாக எண்ணுவது மாதிரியான சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிடிக்காதவரை எரிகோ ஆக்குவது

"உங்கள் எரிகோ எது?" என்று கேட்டுப் பாடத்தை முடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கேட்கிறவர் கடன், வியாதி என்று நினைத்துக்கொண்டால் பரவாயில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவரின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இப்படி ஒரு பாடத்தைக் கேட்டுவிட்டு, பாகப்பிரிவினைத் தகராறில் இருந்த கொழுந்தன் வீட்டை ஒரு வாரம் விடியற்காலையில் நாலு பேரோடு சுற்றி வந்தார், கடைசி நாள் சத்தமும் போட்டார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே சபையில் இருந்த கொழுந்தன் குடும்பம் சபையை விட்டுப் போனது, பெரியவர்கள் வைத்துப் பேசி ஏறக்குறைய முடித்திருந்த விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. பாடம் எடுத்த தம்பிக்கு இது தெரியவே தெரியாது, அவர் அடுத்த வாரம் கிதியோன் கதைக்குப் போய்விட்டார்.

இது குடும்பச் சண்டையோடு நிற்கிற விஷயமும் இல்லை. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர்களில் சிலர் தங்களை இஸ்ரவேலாகவும் அங்கிருந்த பூர்வகுடிகளைக் இஸ்ரவேலின் எதிரிகளான கானானியராகவும் அமலேக்கியராகவும் வைத்துப் பேசினார்கள். நிலம் பறித்ததற்கு வேதமே சாட்சி ஆகிவிட்டது.

இத்தனைக்கும் யோசுவா புத்தகமே இதற்கு இடம் கொடுப்பதில்லை. மதிலைச் சுற்றுவதற்கு முன்னால், 5-ம் அதிகாரத்தின் கடைசியில், உருவின பட்டயத்தோடு நிற்கிற கர்த்தருடைய சேனையின் அதிபதியிடம் யோசுவா கேட்கிறான்: நீர் எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரா? "அல்ல" என்று பதில் வருகிறது. இஸ்ரவேலை நடத்திய யோசுவாவுக்கே அந்தப் பதில்தான் கிடைத்தது என்றால், கொழுந்தன் விஷயத்தில் கர்த்தர் நம் பக்கம் என்று நாம் எப்படி முடிவு கட்டுகிறோம்? உபாகமம் 9-ம் அதிகாரம் இன்னும் கறாராக, உன் நீதியினிமித்தம் இந்தத் தேசம் உனக்குக் கிடைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது.

7-ம் அதிகாரத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவது

எரிகோவில் தப்பியவள் கானானியப் பெண் ராகாப், அதுவும் வேசி. அடுத்த அதிகாரத்தில் கல்லெறிந்து கொல்லப்படுகிறவன் இஸ்ரவேலனான யூதா கோத்திரத்து ஆகான். எரிகோவில் எடுக்கக் கூடாது என்று விலக்கியிருந்த பாபிலோனியச் சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஒரு பொன்பாளம் ஆகியவற்றைக் கூடாரத்தில் புதைத்து வைத்திருந்தவன். நடுவில் இதனால் ஆயி பட்டணத்தில் தோற்று இஸ்ரவேலரில் 36 பேர் செத்தார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று நாம் போட்ட கோட்டைப் புத்தகமே அழிக்கிறது. இரண்டு அதிகாரத்தையும் சேர்த்து எடுங்கள், நேரம் இல்லையென்றால் பாட்டைக் குறையுங்கள்.

"ஒருவனும் மீதியில்லை" என்பதை மக்கள்தொகைக் கணக்காக வாசிப்பது

10-ம் அதிகாரம் தெற்கில் ஒருவரும் மிஞ்சவில்லை என்கிறது. 13-ம் அதிகாரத்தில் பிடிக்க வேண்டிய தேசம் இன்னும் மிகுதியாய் இருக்கிறது, 15-ல் எபூசியர் எருசலேமிலேயே குடியிருக்கிறார்கள். "ஒருவரும் மிஞ்சவில்லை" என்பது அந்தக் காலத்து அரசர்கள் வெற்றியைச் சொன்ன விதம். எகிப்தின் மெர்னப்தா கி.மு. 1208 வாக்கில் இஸ்ரவேலின் வித்தே இல்லை என்று கல்லில் வெட்டிவைத்தான், மோவாபின் மேசா நேபோவில் 7,000 பேரைக் கொன்று தன் தெய்வத்துக்குப் படைத்ததாக எழுதினான். சரி, இதனால் கொலை கொலை இல்லை என்று ஆகிவிடாது. அந்த நெருடலை மழுப்பாமல் அப்படியே விடுங்கள்.

தொல்லியலைச் சாட்சிக்கு இழுப்பது

எரிகோவைத் தோண்டிய தொல்லியலாளர் கார்ஸ்டாங் 1930-களில் கண்டெடுத்த "யோசுவாவின் மதில்" யோசுவாவின் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தையது என்று 1950-களில் அங்கே தோண்டிய கேத்லீன் கென்யன் காட்டிவிட்டார். அந்த மதிலைச் சாட்சியாகக் காட்டும் பழைய பாடக்குறிப்பைத் தூக்கிப் போடுங்கள்.

சிறுபிள்ளைகளை வைத்து அணிவகுப்பு

நடத்தலாம். ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை, பட்டணத்தில் இருந்த எல்லாரையும் வெட்டிக் கொன்றதைச் சொல்லும் 6-ம் அதிகாரம் 21-ம் வசனத்தை வாசித்துவிட்டு, "அங்கிள், அந்த ஊர்க் குழந்தைகள் என்ன ஆனாங்க?" என்று கேட்கும்.