கிராமத்து வீட்டுக்குச் சாமான் மாற்றுகிறீர்களா? முதல் நாள் சாயங்காலத்தைப் பாருங்கள்

தாம்பரத்து ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். நான், வீட்டுக்காரர், எண்பதைத் தொட்ட அத்தை. கிளம்பும்போது "மனசைத் தளர விட்டுடாதே" என்று சொல்லாத ஆளில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தவரை மனசு தளர்வது சாமான் இறங்கிய அன்று விளக்கு வைக்கிற நேரத்தில்தான். உடம்பெல்லாம் வலிக்கும், எது எந்தப் பெட்டியில் என்று தெரியாது, கரண்ட் வேறு போய்த் தொலைக்கும். அந்தச் சாயங்காலத்துக்கு என்னென்ன வேண்டுமோ, அதை வைத்தே மொத்த ஏற்பாட்டையும் செய்யுங்கள்.

முதலில் நாள். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு: ஆடியில் குற்றாலத்தில் சீசன், இந்தப் பக்கம் முழுக்கச் சாரலும் காற்றும்தான், மெத்தை நனைந்தால் காயவே காயாது. பால் காய்ச்சுவதையும் சாமான் இறக்குவதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முன்னமே நல்ல நாள் பார்த்து, நாலு பாத்திரத்தோடு போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். அப்போதே கையில் ஒரு டேப் கொண்டுபோய் வாசல் நிலைகளை அளந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ஒரே வரிசையில் போகும். உள்ளே போகப்போக நிலை குறுகும். ஃபிளாட்டில் நின்ற பீரோ அரங்குக்குள் நுழையுமா என்பது லாரி வந்து நின்றபிறகு தெரிய வேண்டிய விஷயம் இல்லை. நுழையாத கட்டிலை அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம். தெருவின் அகலத்தையும் பாருங்கள். பெரிய லாரி மெயின்ரோட்டிலேயே நின்றுவிடும் என்றால், உள்ளூர்க் குட்டியானை வண்டி ஒன்றுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துப் பேரத்தையும் முடித்துவிடுங்கள். வெயிலில் நின்று கூலி பேசினால் நாக்கில் சனி வந்து உட்காரும்.

ஏற்றும்போது ஒரே விதி: முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். விளக்குமாறு, வாளி, பாய், தலையணை, கொசுவலை, சுத்தியல், கயிறு, பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டார்ச், தீப்பெட்டி. அப்புறம் ஒரு குக்கர், அரிசி, பருப்பு, புளி, காபித்தூள். இதெல்லாம் சிவப்புக் கயிறு கட்டிய ஒரே மூட்டையில். கேஸ் இணைப்பை ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வந்தாலும் புது ஏஜென்சியில் சிலிண்டர் கிடைக்க நாளாகலாம். இண்டக்‌ஷன் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள், சாயங்கால வோல்டேஜில் அது முனகிவிட்டு அணைந்துவிடும். புறவாசலில் விறகடுப்பு இருந்தால் நாலு சுள்ளி பொறுக்கி வையுங்கள். மாத்திரை, கண்ணாடி, பத்திரம், நகை எல்லாம் லாரியில் ஏறவே கூடாது. சாமான் லாரியில் வந்தது, நாங்கள் இவற்றோடு பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தோம்.

ஃபிரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்கப் போட்டிருந்தால் நிமிர்த்தி, சில மணி நேரம் விட்டுத்தான் பிளக்கில் மாட்ட வேண்டும். ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது கழற்றிய டிரம் போல்ட்டைத் தேடி மறுபடி மாட்டிவிட்டு ஏற்றுங்கள்.

சாமான் இறங்கியதும் எல்லாப் பெட்டியையும் பிரிக்கத் தோன்றும். பிரிக்காதீர்கள். ஒரே ஒரு இடத்தை முழுசாக முடியுங்கள். எங்கள் வீட்டில் அது அத்தையின் இடம். கட்டில், அவர் செம்பு, விபூதித் தட்டு, பாத்ரூமுக்குப் போகிற வழியில் ஒரு விளக்கு. பெரியவர்கள் நிம்மதியாகச் சாய்ந்துவிட்டால் வீட்டில் பாதிப் புலம்பல் நின்றுவிடும். மீதிப் பெட்டிகளைச் செங்கல்லுக்கு மேல் பலகை போட்டு அடுக்குங்கள். மண்தரையில் அட்டைப்பெட்டியை விட்டால் கறையானுக்கு விருந்து. தேள், பூரான் பயம் இருக்கிறதா, இருட்டில் பெட்டிக்குள் கைவிடாதீர்கள், செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாம்பு வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறைக்கு 101. கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் உடனே 108. இந்த எண்களைச் சுவரில் எழுதிவைத்தபிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

அப்புறம், ஆட்கள் வருவார்கள். சொல்லாமல் வருவார்கள். "மெட்ராஸை விட்டுட்டு ஏன் மதினி இங்க வந்தீங்க?", "பிள்ளைக எங்க இருக்கு?", "பீரோ என்ன விலை?" நகரத்துப் பழக்கத்தில் இது எரிச்சலாக இருக்கும். ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள், தெரு முழுக்கப் பரவியதும் கேள்வி குறைந்துவிடும். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்: பஞ்சாயத்துத் தண்ணி எப்போது வரும், மோட்டார் ரிப்பேருக்கு யார், பால் யார் வீட்டில். இதெல்லாம் கூகுளில் கிடைக்காது. குழம்பு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரரோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். இருட்டிய பிறகு வீட்டைப் பற்றி எந்த முடிவும் பேசக் கூடாது. "வந்திருக்கவே வேண்டாமோ" என்பதும் அதில் சேர்த்தி. காலையில் பேசலாம், காபி குடித்துவிட்டு. காலையில் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழாது, தண்ணி பிடிக்கிற அவசரம் வந்துவிடும்.

காலியான பெட்டிகளைச் சேர்த்து வைக்காதீர்கள். எங்கள் தெருவுக்குப் பழைய சாமான் எடுக்க சைக்கிளில் ஒருவர் வருகிறார். அட்டைக்குக் காசும் தருவார், வெங்காயமும் தருவார். வெங்காயத்தையே கேளுங்கள், எடை கொஞ்சம் தாராளமாக இருக்கும்.