மொய் நோட்டு மாதிரி ஒரு வாக்கு நோட்டு

எங்கள் வீட்டு பீரோவில் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீள நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். 1991-ல் அக்காவுக்குக் காது குத்தியபோது வந்த மொய்க் கணக்கு அது. அதில் ‘மேலத்தெரு டெய்லர், ரூ.51’ என்று ஒரு வரி. 2010-ல் அந்த டெய்லரின் பேத்திக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது; டெய்லர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். அப்பா கிளம்பிப் போய் 501 எழுதிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தார். “அவருதான் இல்லையேப்பா, யாரு கேட்கப் போறாங்க?” என்றேன். “நோட்டு இருக்குல்ல” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து, கறிச்சோறு. பந்தலில் மேசை போட்டு ஒருவர் பணம் எண்ணுவார், ஒருவர் ஊரும் பேரும் எழுதுவார். வாங்கிய பழைய மொய்யைத் திருப்பி வைத்து, அதற்கு மேல் புது மொய் போட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டியும் கிடையாது, ஆனாலும் லட்சக்கணக்கில் பணம் சுற்றி வருகிறது. மானத்துக்குப் பயந்துதான் என்பார்கள். மானம் பாதி, நோட்டு பாதி என்பது என் கட்சி. ஏனென்றால் 51 ரூபாயை 19 வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்த இதே அப்பா, எதிர்வீட்டில் வாங்கிய கடப்பாரையை ஆறு மாதம் நம் வீட்டுக் கொல்லையிலேயே போட்டு வைத்திருந்தார். கடப்பாரைக்கு நோட்டு இல்லை.

அதனால் நேர்மை, ஒழுக்கம் என்று பெரிய வார்த்தைகளை நான் எடுக்கப் போவதில்லை. காமராஜர் கதை, கக்கன் கதையும் கிடையாது. அவை எல்லோருக்கும் தெரியும், கேட்டுக் கண் கலங்கிவிட்டு, மறுநாள் காலை துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே “இதோ தெருமுனையில வந்துட்டேன்” என்று போனில் சொல்கிற ஆட்கள்தானே நாம். சொன்ன சொல்லுக்கு ஒரு நோட்டு போடுவது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். நான் நான்கு வருஷமாகச் செய்து பார்த்தது.

முதல் வாரம் நோட்டு வாங்க வேண்டாம். உங்கள் வாய் என்ன சொல்கிறது என்று நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள், போதும். நான் எண்ணிப் பார்த்த முதல் நாள், ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஆறு ஆகிவிட்டது. பால்காரரிடம் ‘பாக்கியை நாளைக்குத் தரேன்’, மகனிடம் ‘சாயந்திரம் சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாத்தித் தரேன்’, மச்சானிடம் ‘அப்புறம் கூப்பிடறேன்’, மாடிவீட்டு அண்ணனிடம் ‘உங்க பையன் பயோடேட்டாவ அனுப்புங்க, எங்க ஆபீஸ்ல சொல்லி வைக்கிறேன்’, சித்தியிடம் ‘கண்டிப்பா ஒரு நாள் வரோம்’, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பழைய நண்பனிடம் ‘வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பறேன்’. இதில் எதையும் ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சாயந்திரம் பார்த்தால் பால்காரர் பாக்கியைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. அதுவும் அவர் மறுநாள் காலை வாசலில் நிற்பார் என்பதால்தான்.

‘பார்க்கலாம்’ என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். நம் ஊரில் ‘முடியாது’ என்று சொல்வது மரியாதைக் குறைவு, அதனால் ‘பார்க்கலாம்’, ‘பார்க்கிறேன்’, ‘சொல்லி வைக்கிறேன்’ என்கிறோம். நல்ல நிலையில் இருக்கிறவர் காதில் அது முடியாது என்றே விழும், அவர் வேறு ஆளைப் பார்ப்பார். தேவையில் இருக்கிறவர் காதில் அது சரி என்று விழும். மாடிவீட்டு அண்ணன் மூன்று வாரம் கழித்து, “தம்பி, சொல்லி வச்சீங்களா?” என்று படிக்கட்டில் கேட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. அந்த மூன்று வாரமும் அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லையாம். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் பையனின் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டேன்.

சரி, இப்போது நோட்டு. சட்டைப்பையில் மடங்கிப் போகிற சின்னது. டைரி வேண்டாம், டைரி என்றால் கவிதை எழுதத் தோன்றும். மொய் நோட்டில் இருப்பது போலவே வரி: யாருக்கு, என்ன, எப்போது. ‘மாடி அண்ணன், பயோடேட்டா, செவ்வாய்’. இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால் இரண்டாவது வாரமே சலித்துவிடும். தேதி இல்லாத வரியை எழுதாதீர்கள். தேதி போட மனசு வரவில்லை என்றால் நீங்கள் அதைச் செய்யப் போவதில்லை என்று அர்த்தம், உடனே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. செய்து முடித்ததும் ஸ்கேல் இல்லாவிட்டாலும் பேனாவால் ஒரு கோடு. போனில் எழுதக்கூடாதா என்று கேட்பார்கள். எழுதலாம். எனக்கு ஒத்துவரவில்லை, அலாரம் அடித்ததும் கட்டைவிரல் தானாகப் போய் அணைத்துவிடுகிறது.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும், விட்டுப்போவது பெரும்பாலும் நமக்கு வசதியில்லாததாகவே இருக்கும். சொன்ன இடத்திலேயே, அவர் எதிரிலேயே எழுதுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் எதிரில் நிற்பவர் முகம் மாறுவதைப் பாருங்கள். சிலர் “அட, அவ்வளவு அவசரம் இல்லப்பா” என்று அவர்களே பின்வாங்குவார்கள், அந்த வரி மிச்சம்.

இன்னொரு விதி இருக்கிறது, அதுதான் இதில் உயிர். மொய் நோட்டில் இருப்பது மற்றவர்கள் நமக்குச் செய்தது, அதாவது நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. நம் கடனை நாமே எழுதி, நம் வீட்டு பீரோவிலேயே பூட்டி வைத்திருக்கிறோம். சில வீடுகளில் இரண்டாவது நோட்டும் உண்டு, தாங்கள் எங்கெங்கே எவ்வளவு போட்டோம் என்று. பங்காளிச் சண்டை பாதி அந்த இரண்டாவது நோட்டிலிருந்துதான் கிளம்புகிறது. வாக்கு நோட்டு அந்த முதல் நோட்டு மாதிரிதான் இருக்க வேண்டும். நீங்கள் மற்றவர்களுக்குச் சொன்னது மட்டும். மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்யாதது ஒரு வரிகூட அதில் ஏறக்கூடாது. ஏறினால் அது நோட்டு இல்லை, குற்றப்பத்திரிகை.

கைமாத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. பணம் வாங்கும்போதே திருப்பித் தரும் தேதியை நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். கேட்பதற்கு அவருக்குத்தான் கூச்சம். சொன்ன தேதிக்கு முடியாது என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே நீங்கள் போன் போடுங்கள். “அண்ணே, அஞ்சாம் தேதி தரேன்னு சொன்னேன், இந்த மாசம் பாதிதான் முடியுது, மீதி அடுத்த மாசம் அஞ்சு” என்றால் போதும், மருத்துவச் செலவு, வண்டி ரிப்பேர் என்று கதை வேண்டாம். நான் ஒரு நண்பனிடம் 2,000 ரூபாய் வாங்கி மறந்தே போனேன். உண்மையிலேயே மறதிதான். ஆனால் அவன் மூன்று வருஷம் என் போனை எடுக்கும்போதெல்லாம் அதை நினைத்திருக்கிறான்; அவன் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதபோது கோபப்பட்டவன் நான்! டீக்கடையில் ‘நாளைக்கு நான் தரேன்’ என்கிற 15 ரூபாயும் இதே கணக்குதான். தொகை சின்னதாக இருந்தால் கொடுத்தவர் கேட்கவே மாட்டார், அதனால்தான் அதை எழுத வேண்டியிருக்கிறது.

பொருளுக்கு நம் வீட்டுப் பெண்கள் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டி வைப்பது. அப்புறம், பக்கத்து வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது. பாத்திரம் அடுப்படியில் கண்ணில் படும்வரை கடனும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். குடை, புத்தகம், துளை போடும் மெஷின் எல்லாவற்றையும் இப்படி வாசல்படிப் பக்கம் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். அலமாரிக்குள் போன இரவல் பொருள் திரும்பியதாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை.

இரண்டு மாதம் எழுதினால் வரிகள் தானாகக் குறையும். நல்லவர் ஆகிவிட்டோம் என்று இல்லை, எழுத வேண்டுமே என்ற சோம்பலில் வாய் கட்டுப்படும். அங்கேதான் ‘முடியாது’ என்று சொல்லப் பழக வேண்டும். அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது: முதலில் முடியாது என்பதைச் சொல்லிவிட்டு, அப்புறம் முடிந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். “அண்ணே, எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறது என் கையில இல்ல. தம்பி பயோடேட்டாவுல இங்கிலீஷ் கொஞ்சம் சரியில்ல, ஞாயித்துக்கிழமை வரச்சொல்லுங்க, உட்கார்ந்து திருத்தித் தரேன்.” மாடிவீட்டு அண்ணனிடம் கடைசியில் நான் சொன்னது இதைத்தான். முகம் வாடியது உண்மை. பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

தவறும்போது என்ன செய்வது? தவறத்தான் செய்யும். கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள், ‘செய்யவில்லை’ என்று தொடங்குங்கள். ‘டவர் இல்லை’, ‘சார்ஜ் இல்லை’ என்பதை விடுங்கள், அதை நம்புகிற காலம் போய்விட்டது.

இப்படி நோட்டு போட்டுத் தன்னைத் திருத்த நினைத்தவர்களில் பேர் பெற்றவர் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். வாலிப வயதில் 13 குணங்களைப் பட்டியல் போட்டு, பக்கத்துக்கு ஒரு குணம், வாரத்தின் 7 நாளுக்கு 7 கட்டம், தவறினால் ஒரு கரும்புள்ளி. ஒரு வாரம் ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம், ஆக 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு 4 சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டே ஓட்டையாகிவிட, தந்தத் தகட்டில் எழுதி ஈரப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்திருக்கிறார். சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பது மட்டும் கடைசிவரை வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார், அதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆறுதல். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. முதலில் பட்டியலில் 12 குணம்தான். ‘உனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்கிறார்கள்’ என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகுதான் பணிவு 13-வதாகச் சேர்ந்தது. வேறு ஆள் சொல்லாமல் அது அவர் கண்ணில் படவில்லை. அதே மனிதர் தன் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார், அதற்குப் பட்டியலில் கட்டமே இல்லை. எங்கள் கொல்லைக் கடப்பாரை மாதிரிதான், எழுதாதது தெரிவதில்லை. என்ன, அங்கே கிடந்தது கடப்பாரை இல்லை, மனிதர்கள்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, இதில் என்ன இல்லை என்று கேளுங்கள். என்ன இருக்கிறது என்று கேட்டால் பாராட்டத்தான் செய்வார்கள். நான் என் மனைவியிடம் கொடுத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையோடுதான். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மேனேஜர், மாடி அண்ணன், சொசைட்டி செயலாளர், ஊர் நண்பர்கள், எல்லா வரியும் அடித்து முடித்தது. “எங்ககிட்ட சொன்னது ஒண்ணுகூட இதுல இல்லையே” என்றாள்.

இல்லைதான். வெளியாட்களுக்குச் சொன்னது வாக்கு, வீட்டுக்குச் சொன்னது பேச்சு என்று நினைத்திருக்கிறேன். பிரேக் கட்டை நான்கு மாதமாக மாற்றப்படவில்லை, மகன் காலைத் தரையில் தேய்த்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான், வலது செருப்பு மட்டும் அடிப்பக்கம் தேய்ந்து போயிருந்தது. அன்றிலிருந்து நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வீட்டுக்கு என்று தனியாகத் தொடங்கியிருக்கிறேன். முன்பக்கத்தைவிட அது சீக்கிரம் நிரம்புகிறது.

நோட்டு தீர்ந்துபோனால் தூக்கிப் போடாமல், அடிக்காத வரிகளை மட்டும் புது நோட்டின் முதல் பக்கத்துக்கு ஏற்றுங்கள். இரண்டு தடவை ஏற்றிய வரியை மூன்றாவது தடவை ஏற்றாமல், அந்த ஆளைக் கூப்பிட்டு ‘என்னால் ஆகவில்லை’ என்று சொல்லிவிட்டு அடித்துவிடுங்கள். எனக்கு அப்படி இப்போது ஒரே ஒரு வரி இருக்கிறது, ‘சித்தி, அறந்தாங்கி, ஒரு நாள்’ என்று. தேதி போடாமல் எழுதியிருக்கிறேன் பாருங்கள்.