மோர் டம்ளர் சண்டைக்கு ஒரு வழி

வேலூர் வெயிலுக்கு மோர் ஊற்றினால், சின்னவளுக்கு உயர டம்ளர்தான் வேணும். அகல டம்ளரில் அதே அளவு கொடுத்தாலும் "அண்ணனுக்குத்தான் நிறைய" என்று அழுகை. பிடிவாதம் இல்லைங்க. சுமார் 7 வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்தே அளவை முடிவு செய்கிறார்கள் என்று சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே விளக்கியிருக்கிறார். கண்ணெதிரே மாற்றி ஊற்றிக் காட்டினாலும் நம்பாது. காட்பாடியில் மாமியார் வீட்டில் நானும் காட்டிப் பார்த்தேன், பாதி மோர் தரையில்!

அந்த வயதில் விளக்கம் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். லாங் பஜார் பக்கம் போகும்போது ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் பழைய டம்ளர்களை எடுத்து மறுபடி ஊற்றி, "எதில் அதிகம், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள்.