வெளிநாட்டுக் கடற்கரை ஊரில் வீடு கட்டப் போகிறீர்களா? மனை வாங்கும் முன் ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பாருங்கள்

கடலைப் பார்த்த மனை, கட்டுப்படியாகிற விலை, சிரித்துப் பேசுகிற விற்பனையாளர் எல்லாம் ஒரே நாளில் அமைந்துவிட்டால் அன்றைக்கு மட்டும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விடுமுறைக்குப் போகும் மாதங்களில் எந்தக் கடற்கரையும் அழகாகத்தான் இருக்கும். அதே ஊரில் மழைக்காலம் முழுக்க ஒரு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் மூன்று நாள் வடியாமல் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மின்சாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்பதையெல்லாம் எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், கடைசியாக வந்த பெரும் புயலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். பெரும்பாலும் சுவரில் கை வைத்தே காட்டுவார். அந்த உயரத்துக்கு மேலேதான் உங்கள் தரைமட்டம் இருக்க வேண்டும்.

சரி, ஊர் பிடித்துவிட்டது. அடுத்து மண். வீட்டை நம் பேரில் கட்டலாம், ஆனால் அடியில் இருக்கும் நிலம் நம் பேரில் இருக்குமா என்பது ஒவ்வொரு நாட்டிலும் வேறு கதை. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் வீட்டு மனையை நேரடியாகத் தன் பேரில் வைத்துக்கொள்ள முடியாது. வங்கி ஒன்று அறங்காவலராக நின்று வைத்திருக்கும், அதை ஃபிடெய்கொமிசோ என்பார்கள், 50 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அங்கேயே எஹீடோ என்று சமூகத்துக்குச் சொந்தமான நிலமும் உண்டு. அது முறைப்படி தனியார் நிலமாக மாறாதவரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவருக்குப் பொதுவாக நிலம் கிடையாது. 30 ஆண்டுக் குத்தகையைப் பதிவு செய்துகொண்டு அதன்மேல் வீடு கட்டுகிறார்கள். பிலிப்பைன்ஸிலும் நிலத்தை வெளிநாட்டவர் வாங்க முடியாது. கோஸ்டா ரிக்காவில் 1977-ம் ஆண்டுச் சட்டப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து முதல் 50 மீட்டர் பொதுச்சொத்து, யாருக்கும் கிடையாது. அடுத்த 150 மீட்டரில் நகராட்சியின் உரிமம் பெற்றுத்தான் கட்ட முடியும், அந்த உரிமம் வாங்க வெளிநாட்டவர் குறைந்தது ஐந்தாண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து, "என் பேரில் வாங்கிப் போடுங்கள், நமக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்" என்பார். சட்டத்தைச் சுற்றிப் போவதற்காகப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவீர்கள்? விற்பவர் கைகாட்டும் வக்கீலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் செலவில் உங்களுக்கென்று ஒருவர், வில்லங்கம் பார்க்க, மூலப்பத்திரம் பார்க்க, கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதியைப் பார்க்க. சர்வேயரை வைத்து எல்லைக்கல்லை நீங்கள் நிற்கும்போதே அளந்து நடச் சொல்லுங்கள். இன்னொன்று, நிலம் வாங்கியதற்காக விசா தானாக வராது, பல நாடுகளில் அது தனிப் பிரச்சினை.

இனி உப்பு. கடற்கரை வீட்டின் உண்மையான எதிரி அலை இல்லை, தினம் தினம் காற்றில் வந்து படியும் உப்புதான். காங்கிரீட் காரத்தன்மை உள்ளது, அதனால் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு மெல்ல உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காவல் போய்விடும். துரு, தின்னப்பட்ட இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும். அதனால் உள்ளிருந்தே தள்ளிக் காங்கிரீட்டை வெடிக்க வைக்கும். பழைய கடற்கரை வீடுகளில் தூணின் மூலையில் நெட்டுக்கு விரிசலும் அதன் வழியே காவி நிறத்தில் ஒழுகலும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும்.

இதற்கு மருந்து காங்கிரீட் போடும் நாளில்தான் இருக்கிறது, அப்புறம் இல்லை. கம்பிக்கு வெளியே குறைந்தது 50 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும், அலைச்சாரல் நேரடியாகப் படும் இடத்தில் 75. கலவையில் தண்ணீரின் எடை சிமென்ட்டின் எடையில் 0.40 முதல் 0.45 பங்குக்குள் நிற்க வேண்டும். கலவை இறுகிவிட்டது, கொட்ட வரவில்லை என்று குழாயைத் திறந்துவிட ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். இரும்பு உலைக் கசடு கலந்த கசடுச் சிமென்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், குளோரைடு உள்ளே போவதை அது நன்றாகத் தாமதப்படுத்தும். கடல் மணலும் கடல் தண்ணீரும் கூடவே கூடாது. மணலில் சந்தேகம் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி, தெளிந்ததும் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டு விடுங்கள். பால் மாதிரி வெளுத்தால் உப்பு இருக்கிறது, லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

என் தளத்துக்குக் காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மாலை நான் ஏறிப் பார்த்தபோது கம்பி வலை சென்டரிங் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அடியில் விரலை நுழைத்துப் பார்த்தேன், விரல் நுனிகூடப் போகவில்லை. சில இடத்தில், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஓட்டுச் சில்லைச் செருகியிருந்தார்கள். மேஸ்திரி கோபப்படவில்லை, "இங்கே எல்லாரும் இப்படித்தான் போடுவோம்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், தெருவிலிருந்த மற்ற வீடுகளின் தூண்களே சாட்சி. மறுநாள் காலை வரவேண்டிய லாரியை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிளாக் வைத்தோம். அந்த ஒரு நாள் சம்பளத்துக்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, திருகு எல்லாம் 316 ரக எவர்சில்வரில் வாங்குங்கள். கடையில் 304-ஐ எடுத்துக் காட்டி இதுவும் துருப்பிடிக்காது என்பார்கள், கடலோரத்தில் பிடிக்கும். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, அதனால் தாங்கும், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அலுமினிய ஜன்னலைச் சாதா இரும்புத் திருகால் முடுக்கினால் உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் வேகமாக அரிக்கும்.

காற்று விஷயம் நீங்கள் போகும் ஊரைப் பொறுத்தது. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் சுமார் 5 பாகைக்குள் வெப்பமண்டலப் புயல் உருவாவது மிக அரிது, அதைத் தாண்டினால் பல கடற்கரைகளில் புயலுக்குத் தயாராகத்தான் கட்ட வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நாலு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்றாகத் தாங்கும். கூரையைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் உலோகப் பட்டையால் விடாமல் தொடர்ச்சியாகக் கட்ட வேண்டும், நடுவில் ஓரிடம் விட்டாலும் அங்கேதான் பிய்யும். ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கீழிருந்து கூரையைத் தூக்கும், ஆகவே ஜன்னலுக்கு வெளிக்கதவு அவசியம். வெயிலுக்கு நீளமான இறவாரம் நல்லது, ஆனால் அதே இறவாரத்தைத்தான் புயல் முதலில் பிடித்துத் தூக்கும், எவ்வளவு நீட்டலாம் என்று பொறியாளரைக் கேளுங்கள். வீட்டின் நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்தால் வெயில் தொல்லை நன்றாகக் குறையும். கடல் மேற்கே இருந்தால் மாலை வெயிலா காட்சியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் காட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தினம் மூன்று மணிக்குத் திரையை இழுத்து மூடுகிறேன்.

கிணற்றை ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் என்ற கணக்கு கடற்கரையில் தலைகீழ். அங்கே நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும், மேலே கொஞ்சம் அதிகமாக இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு மளமளவென்று ஏறிவிடும். அதனால் கூரைத் தண்ணீரைச் சேமியுங்கள்: 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து உள்ளூர் விதி சொல்வதைவிடக் கூடுதலாகவே தள்ளி வையுங்கள், மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும். கரையான் மருந்தைத் தரைத்தளக் காங்கிரீட் போடுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

பணத்தைத் தேதிக்குக் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள். அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, தளம் முடிந்தால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும், ஒப்பந்தம் உள்ளூர் மொழியிலும் உங்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கட்டும், முரண் வந்தால் எது செல்லும் என்பதையும் எழுதிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் ஒப்பந்தக்காரரோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளர் போய்ப் பார்க்க வேண்டும். புகைப்படம் கேட்டால் அளவு நாடாவை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், சும்மா எடுத்த படத்தில் 20 மில்லிமீட்டரும் 50 மில்லிமீட்டரும் ஒன்று போலத்தான் இருக்கும். கடைசியில் பத்து சதவீதம் வரை பிடித்து வைத்துக்கொண்டு, கூரையும் ஜன்னலோரங்களும் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து ஒழுகாமல் நின்றதைப் பார்த்த பிறகு கொடுங்கள். ஒழுகினால் அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் போட உங்கள் கையில் அந்தத் தொகை இருக்கும்.