சாவி கொடுத்தால் ஓடும் ஜெர்மன் தகர டாங்கி: வாங்குவது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பழைய ஜெர்மன் ராணுவ பொம்மைகளில் புதியவர் தொடங்க ஏற்றது 'காமா' டாங்கி. ஃபியூர்ட் நகரில் 1882-இல் தொடங்கிய கியோர்க் ஆடம் மாங்கோல்ட் நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஓடும்போது தீப்பொறி பறக்கும். டிப்கோ, ஹவுசர், லினியோல் ஆகிய ஜெர்மன் நிறுவனங்களின் வண்டிகள் விலை அதிகம். கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் அடித்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். 'யூ.எஸ். ஸோன் ஜெர்மனி' என்று அச்சிட்டிருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் செய்தது. பிறகு சாவியை அரைச் சுற்று மட்டும் கொடுங்கள். இறுக்கம் தெரியாமல் வெறுமனே சுற்றினால் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், அல்லது அதன் முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். தகரத்தின்மேல் உள்ள வண்ண அச்சு தேய்ந்து ஓடுகிற பொம்மையைவிட, அந்த அச்சு பளிச்சென்று இருந்து ஓடாத பொம்மையை வாங்குவது மேல். இயந்திரத்தைச் சரிசெய்யலாம், போன அச்சு திரும்பாது.

படி 1. ஸ்பிரிங்கை இறக்குங்கள். சக்கரத்தைத் தூக்கிப்பிடித்து ஓடவிட்டால் போதும். சிக்கி நின்றிருந்தால் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு தகட்டைத் திருப்புளி முனையால் தூக்கி, அரை அரைச் சுற்றாக விடுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங்கோடு உடலைப் பிரித்தால் விரல் கிழியும், பல்சக்கரத்தின் பல்லும் போகும்.

படி 2. பிரிப்பது. மேலுடலும் அடித்தகடும் மடக்குக் காதுகளால் பிணைந்திருக்கும். மூங்கில் ஆப்பைச் செருகிக் காதை நெம்பி, முனையில் டேப் சுற்றிய தட்டை இடுக்கியால் நேராக்குங்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். இரண்டு மூன்று முறை வளைந்த காது ஒடிந்துவிடும். ஒடிந்ததைப் பற்றவைக்க நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் சுற்றிலும் உள்ள அச்சு கருகும்.

படி 3. இயந்திரம். பாதிப் பொம்மைகள் நின்றுபோகக் காரணம் அச்சுத்தண்டில் சுற்றிய தலைமுடியும் கம்பள நூலும்தான். சாமணத்தால் எடுத்துவிடுங்கள். இறுகிய பழைய எண்ணெயை லைட்டர் பெட்ரோலில் நனைத்த தூரிகையால் கழுவுங்கள். தீப்பொறி பறக்கும் பொம்மை இது. ஆவி முழுதும் போய் உலரும்வரை சாவி கொடுக்கவே கூடாது. பிறகு தண்டுகளின் முனைகளில் மட்டும், ஊசி நுனியால் கடிகார எண்ணெய் ஒரு பொட்டு. பல்லுக்கு வேண்டாம், தூசி பிடிக்கும். ஸ்பிரிங்கிற்கு மெல்லிய கிரீஸ் பூச்சு. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் இங்கே உதவாது, நாளடைவில் பிசினாகிவிடும்.

படி 4. தீப்பொறிக் கல். தேய்ந்திருந்தால் பழைய துண்டின் விட்டத்தை அளந்து, பொருந்தும் சிகரெட் லைட்டர் கல்லை வெட்டிப் போடலாம். கல் சக்கரத்தை அதிகம் அழுத்தினால் டாங்கி நான்கு அங்குலம் போய் நின்றுவிடும். அழுத்தும் தகட்டைத் துளி தளர்த்துங்கள். கல்லில் எண்ணெய் பட்டால் பொறி வராது.

படி 5. சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. பழைய ரப்பர் ஒன்று கல்லாகும், இல்லையேல் உருகி அச்சைத் தின்னும். சக்கரத்தோடு ஒட்டியதைப் பிய்க்காமல் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். புதுப் பட்டை விரலால் அழுத்தினால் சற்றே தாழ வேண்டும். இறுகினால் தண்டைப் பிடித்துக்கொள்ளும், இயந்திரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

படி 6. மேற்பரப்பு. கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஈரம் பிழிந்த பஞ்சில் மிதமான சோப்பு, உடனே துடைப்பு, அவ்வளவே. ஆல்கஹால், தின்னர், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். துருவில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பல்குச்சியால் மெதுவாகத் தேய்த்து, மெழுகு பூசுங்கள். புதுப் பெயிண்ட் அடித்தால் சேகரிப்பாளர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். நசுங்கலை உள்ளிருந்து உருண்டை முனை மரத்தால் அழுத்தி எடுங்கள். சுத்தியல் பட்டால் அச்சு வெடிக்கும்.

ஹவுசர், லினியோல் வண்டிகளில் வரும் சிப்பாய்கள் மரத்தூளும் பசையும் கலந்து கம்பிமேல் வார்த்தவை. ஈரம் பட்டால் ஊதிப் பிளந்துவிடுவார்கள். உலர்ந்த தூரிகை மட்டும்.

போருக்கு முந்திய பொம்மையில் ஸ்வஸ்திகா இருந்தால் சுரண்டாதீர்கள். ஆனால் ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுக்கிறது, விதிவிலக்குகள் குறைவு. அங்கே விற்பவர்கள் படத்தில் அதை மறைத்துவிடுவது வழக்கம்.

மூடுமுன் இயந்திரத்தைத் தனியே ஓட்டிப் பாருங்கள், காதுகளை ஒரே முறை மடக்குங்கள். அலமாரியில் வைக்கும்போது ஸ்பிரிங் இறங்கியிருக்கட்டும். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.