சூரை மீன் வாங்கினால் ஐஸும் வாங்குங்கள்

வாழைச்சேனையிலோ கல்முனையிலோ சூரை வாங்கி, சொப்பிங் பையை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டபடி வழியில் பிளேன்டீக்கு நிற்கிறீர்களா? அந்த அரை மணி நேரம்தான் வில்லங்கம்.

வெப்பநிலை கூடினால் இரசாயனத் தாக்கங்களின் வேகமும் கூடும். பலவற்றுக்கு 10 பாகை செல்சியஸ் ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. மீன் பழுதாவது இதைவிட மோசம்: 0 பாகையில் இருப்பதைவிட 10 பாகையில் சுமார் நான்கு மடங்கு வேகம். நம் ஊர் மத்தியான வெயில் 30 பாகைக்கு மேல், கணக்கை நீங்களே போடுங்கள்.

சூரையில் இன்னொரு சிக்கல். அதன் சதையில் நிறைய இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, சூட்டில் பெருகும் பற்றீரியாக்களின் நொதியங்கள் ஹிஸ்டமீனாக மாற்றிவிடும். சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், கொறுக்காய்ப்புளி போட்டாலும் ஹிஸ்டமீன் அழியாது. மணமும் காட்டிக்கொடுக்காது.

அதனால் ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டி கொண்டுபோங்கள். கட்டி ஐஸ் மேலே வைத்தால் போதாது. நொறுக்கி, மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும்படி, மீனின் எடைக்குச் சமமாகப் போட வேண்டும். பூவையும் (செவுள்) குடலையும் கடையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். உறைந்த மீனை இளக்குவதென்றால் அடுப்படி மேசையில் வேண்டாம், முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.