கொழும்பின் காலி வீதியில் பஸ் எங்கே ஊர்கிறது? ஜிபிஎஸ் தடத்தை கியூஜிஐஎஸ்ஸில் பார்ப்போம்

பஸ் எந்த இடத்தில் அதிகம் இழுத்தடிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு சந்தியைச் சொல்வோம். ஃபோனும், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் இருந்தால் மேப்பிலேயே காட்டிவிடலாம், ஃபார்முலா எதுவும் வேண்டாம்.

பாதி வேலை பதிவு செய்வதில்தான். ஒஸ்மாண்ட் மாதிரி ஒரு செயலியில் 5 செக்கனுக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். குறைந்தபட்ச தூரம், குறைந்தபட்ச வேகம் என்று வடிகட்டிகள் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நேரக் கணக்கில் பதிந்தால்தான் பஸ் ஓடும்போது புள்ளிகள் விலகியும் ஊரும்போது நெருங்கியும் விழும், நமக்கு வேண்டியது அந்த நெருக்கம்தான். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியபிறகு தொடங்கி, புறக்கோட்டையில் இறங்குமுன் நிறுத்துங்கள். தரிப்பிடத்திலேயே தொடங்கினால் நீங்கள் காத்து நின்ற இடம்தான் பெரிய நெரிசலாகத் தெரியும்! ஃபோன் ஜன்னல் பக்கம் இருந்தால் நல்லது (சீட் கிடைத்தால்). உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் சிக்னல் தெறித்து, புள்ளிகள் வீதியை விட்டு விலகுவது சகஜம்.

சரி, இப்போது கணினி. கியூஜிஐஎஸ்ஸில் பிரவுசர் பகுதியில் எக்ஸ்வைஇசட் டைல்ஸ் என்பதை விரித்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அடிவரைபடம் வரும். அதன்மேல் ஜிபிஎக்ஸ் கோப்பை (செயலி பதிந்த தடம்) இழுத்துப் போடுங்கள். எந்த லேயர் வேண்டும் என்று கேட்கும், ட்ராக் பாயிண்ட்ஸ் மட்டும் போதும். ட்ராக்ஸ் வெறும் கோடு, அதில் வேகம் தெரியாது. அப்புறம் வலது கீழ் மூலையில் இபிஎஸ்ஜி என்று இருப்பதை அழுத்தி 5235 என்று தேடி இலங்கை கிரிட் 1999ஐ (இலங்கைக்கான ஆள்கூற்று முறை) தெரிவு செய்யுங்கள், மேப்பின் அலகு இலங்கைக்குப் பொருந்தும் மீட்டராக இருக்கும்.

பெரிதாக்கிப் பாருங்கள். மெஷர் கருவியால் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்து 0.72ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்: 35 மீட்டர் என்றால் ஏறக்குறைய 25, 14 மீட்டர் என்றால் 10. பஸ் நின்ற இடத்தில் புள்ளிகள் சீனியில் எறும்பு மாதிரி மொய்த்திருக்கும்.

முழுப் பாதையையும் ஒரே பார்வையில் பார்க்க, லேயரின் சிம்பாலஜியில் (தோற்ற அமைப்பு) புள்ளிகளின் நெருக்கத்தை நிறத்தால் காட்டும் ஹீட்மேப்பைத் தெரிவு செய்து ரேடியஸை 30 என்றும் அலகை மேப் யூனிட்ஸ் என்றும் மாற்றுங்கள். முதலில் இருக்கும் மில்லிமீட்டரை அப்படியே விட்டால் ஒவ்வொரு தடவை பெரிதாக்கும்போதும் படம் வேறு கதை சொல்லும். ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் போனது என்று தெரிய அந்தப் புள்ளிகளைச் சுற்றித் தெரிவு செய்து, எண்ணிக்கையை 5ஆல் பெருக்குங்கள். 24 புள்ளி என்றால் 2 நிமிடம்.

லேயரின் தரவு அட்டவணையில் காலை 7.30 பயணம் 2.00 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், ஜிபிஎக்ஸ் உலகப் பொது நேரத்தில்தான் பதியும், 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் தடத்தை வைத்து எந்தச் சந்தியையும் திட்டாதீர்கள், கண்டக்டர் ஆள் சேர்க்க நின்றதும் சிக்னலில் நின்றதும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பல காலைகளின் கோப்புகளை மெர்ஜ் வெக்டர் லேயர்ஸ் கருவியால் சேர்த்து, அதே ஹீட்மேப்பைப் போட்டுப் பாருங்கள்.